நடைபாதை நிலம் கைமாறும்போது: சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். புக்கிட் கோம்பாக் வட்டாரத்தில் ஒரு பாதை. ஒரு பக்கச் சரிவு சிங்கப்பூர் நில ஆணையத்தின் கையில், நடுவே ஓடும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்தின் கையில், சாலையை ஒட்டிய நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். குச்சி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அதைக் கூட்டுகிறவர் மாறுவார். இப்படிப்பட்ட சிக்கல்களை ஒருங்கிணைக்கத்தான் அந்த ஆண்டே நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது.

இந்தத் தீவின் நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது, அல்லது ஏதோ ஓர் அரசு அமைப்பினுடையது. "எல்லாம் அரசாங்க நிலம்தானே, யார் பார்த்தால் என்ன?" என்று காப்பிக் கடையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு நடைபாதை ஓர் அமைப்பிடமிருந்து இன்னோர் அமைப்புக்குப் போகும்போது பெயரை மாற்றி எழுதுவது சின்ன வேலை. ஓரத்து மரம் யாருடையது, மழைநீர் எந்த வடிகாலில் இறங்குகிறது, எரியாத விளக்குக்கு யார் பதில் சொல்வது என்று தீர்ப்பதுதான் பெரிய வேலை. அடித்தளத் தலைவர்கள், நடைக் குழுக்கள், பாதையோரக் கோயில்களின் நிர்வாகக் குழுவினர், இப்படியொரு கோப்பை முதன்முதலாகக் கையில் வாங்கிய இளம் அதிகாரிகள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன்.

எது கைமாறுகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே நிலத்தில் மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. முதலாவது உரிமை, அதாவது சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பது. இரண்டாவது நிர்வாகம். யார் விதி போடுகிறார்கள், யார் அனுமதி தருகிறார்கள் என்பது இதில் அடங்கும். மூன்றாவது பராமரிப்பு: புல் வெட்டுவது, விரிசலை அடைப்பது. மூன்றும் ஒரே கையில் இருப்பது அரிது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் வீவகவின் பெயரில் இருக்கும். பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது, 1988இல் வந்த நகர மன்றச் சட்டப்படி, நகர மன்றம். பொதுத் தேர்தலுக்கு முன் தொகுதி எல்லை மாற்றி வரையப்பட்டால், அதே புளோக்குக்கு அடியில் இருக்கும் பாதையின் பராமரிப்பு வேறொரு நகர மன்றத்துக்குப் போய்விடும். உரிமையோ ஓர் அங்குலமும் நகராது.

ஆகவே "நிலம் மாற்றப்படுகிறது" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எது என்று கேட்பதுதான் முதல் கேள்வி. பாதி வாக்குவாதங்கள் அங்கேயே அடங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சில மாற்றங்கள் துண்டு துண்டாக நடப்பதில்லை, சட்டத்தின் மூலம் மொத்தமாக நடக்கின்றன. 1996இல் அன்றைய பூங்கா, பொழுதுபோக்குத் துறை தேசியப் பூங்காக் கழகத்தோடு இணைந்தது. 2001 ஏப்ரலில் வடிகால்களும் கழிவுநீர்க் கட்டமைப்பும் சுற்றுப்புற அமைச்சிடமிருந்து பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. பழைய கோப்பில் இன்று இல்லாத ஒரு துறையின் பெயரைக் கண்டால் மிரள வேண்டாம். அதன் பொறுப்பை எந்தச் சட்டம் யாரிடம் கொடுத்தது என்று தேடினால் போதும்.

முதல் படி: பலகையை நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள்

பாதையின் வாயிலில் நிற்கும் பலகை, நிர்வகிப்பவரின் பெயரைத்தான் சொல்கிறது. சொந்தக்காரர் வேறாக இருக்கலாம். நில ஆணையத்தின் ஒன்மேப் இணையத்தளத்தில் பாதையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நில எல்லைகளை இயக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் தெரியும். சிங்கப்பூர் முழுவதும் 64 அளவை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் 34 முக்கிம்கள், 30 நகர உட்பிரிவுகள். எண்ணுக்கு முன்னால் எம்கே என்றிருந்தால் முக்கிம், டிஎஸ் என்றிருந்தால் நகர உட்பிரிவு. அந்த எண்ணை வைத்து நில ஆணையத்தின் நிலத் தகவல் சேவையில் கட்டணம் செலுத்தி உரிமை விவரத்தைப் பெறலாம்.

ஒரு நடைபாதை ஒரே நிலத்துண்டுக்குள் அடங்கியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கால்வாயோரப் பாதை என்றால் வடிகாலுக்கு ஒதுக்கிய நிலம், சாலைக்கு ஒதுக்கிய நிலம், வீவக நிலம், வெறும் அரசு நிலம் என்று நான்கைந்தைத் தொட்டுக்கொண்டு போகும். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் நேராகச் சொந்தக்காரர், இப்போது பராமரிப்பவர், பாதையின் எந்தப் பகுதி அதில் விழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரு ஓரங்களிலும் குறைந்தது அடுத்த நிலத்துண்டு வரை பாருங்கள். சச்சரவு எப்போதும் ஓரத்தில்தான் முளைக்கும்.

இரண்டாம் படி: பெருந்திட்டத்தில் அந்த இடத்தின் நிறம்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டைச் சொல்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படுகிறது. ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பாதை பூங்கா என்றோ திறந்தவெளி என்றோ குறிக்கப்பட்டிருந்தால் நல்லது. எதிர்காலத் தேவைக்கான ஒதுக்கிடம் என்றோ குடியிருப்பு என்றோ இருந்தால், இன்று நீங்கள் நடக்கும் பாதை இடைக்கால ஏற்பாடு. கைப்பிடியும் விளக்கும் போட்டுவிட்டார்கள் என்பதால் அது நிரந்தரமாகிவிடாது.

இங்கே பொதுமக்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. திருத்திய பெருந்திட்டத்தின் வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போது கருத்தையும் ஆட்சேபத்தையும் எழுத்தில் தெரிவிக்கலாம். கடைசியாக அப்படி வைக்கப்பட்டது 2025 ஜூனில். நிலம் ஓர் அமைப்பின் கைக்குப் போய்க் குத்தகைக்காரரும் வந்த பிறகு எழுதும் பத்துக் கடிதங்களைவிட அந்த வேளையில் எழுதும் ஒரு கடிதத்துக்கு எடை அதிகம் என்பது என் கணிப்பு. நில எண்ணையும் போட்டு எழுதுங்கள். "எங்கள் பாதையைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால், எந்தப் பாதை என்று தேடுவதிலேயே அதிகாரியின் நேரம் போய்விடும்.

மூன்றாம் படி: எந்த வழியில் போவது

நடைமுறையில் சில வழிகள்தான் உள்ளன.

பூங்காவுக்கும் பூங்கா இணைப்புப் பாதைக்கும் பொருத்தமான வழி, நிலம் அரசு நிலமாகவே இருக்க, நிர்வாகம் மட்டும் தேசியப் பூங்காக் கழகத்திடம் போவது. விற்பனை இல்லை, விலை இல்லை. பொறுப்புப் பட்டியல் மட்டும் வேண்டும்.

நிலத்தை ஆணைபெற்ற கழகம் ஒன்றின் பெயருக்கே மாற்றுவதென்றால் சங்கதி வேறு. வீவக, தொழிற்பேட்டைகளை அமைக்கும் ஜேடிசி, பொதுப் பயனீட்டுக் கழகம் எல்லாம் தனிச் சட்டத்தால் அமைந்த, சட்டத்தின் பார்வையில் தனி ஆள்கள். அரசு நிலம் நாட்டின் இருப்புநிதியைச் சேர்ந்தது. அதனால் தலைமை மதிப்பீட்டாளர் சொல்லும் நியாயமான சந்தை மதிப்புக்குத்தான் அது கைமாற வேண்டும். வீடு கட்ட வீவக நிலம் வாங்குவதும் அப்படித்தான். அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் இடம்பெற்றிருக்கும் வீவக, ஜேடிசி போன்றவற்றின் கடந்தகால இருப்புக்கு அதிபரின் பாதுகாப்பும் உண்டு. "பக்கத்து நிலம்தானே, பாதைக்குச் சும்மா கொடுத்துவிடுங்கள்" என்று மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கேட்கும்போது நாடாளுமன்ற உறுப்பினர் தயங்குவதற்கு இதுதான் காரணம். மனமில்லாமல் தயங்குவதாக நினைத்துவிட வேண்டாம்.

ஒரு கழகத்திடம் இருக்கும் நிலம் பொதுப் பாதையாக வேண்டுமென்றால், அதை முதலில் அரசிடம் திருப்பி ஒப்படைத்து, பிறகு பூங்காக் கழகத்தின் நிர்வாகத்துக்குக் கொண்டுவருவது தெளிவான வழி. இரண்டு தாவல்கள் என்றாலும், பிற்பாடு யாரும் "எங்கள் நிலத்தில் உங்கள் விளக்குக் கம்பம்" என்று கிளம்ப மாட்டார்கள். சில காலத்துக்கு மட்டும் தேவை என்றால் தற்காலிக அனுபோக உரிமம் இருக்கிறது. அதில் முடியும் தேதியையும், முடியும்போது நிலத்தை எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் வரி வரியாகப் படியுங்கள்.

நான்காம் படி: அளவை, அகலத்தோடு ஆழமும்

நிலத்துண்டின் ஒரு பகுதிதான் கைமாறுகிறது என்றால் அதைப் பிரித்துப் புது எண் வாங்க வேண்டும். பதிவுபெற்ற நில அளவையாளர் அளந்து, தலைமை நில அளவையாளர் ஏற்ற பிறகு சான்றளிக்கப்பட்ட வரைபடம் கிடைக்கும். 2004 முதல் எல்லைகள் எஸ்விஒய்21 என்ற ஆயத்தொலை முறையில் பதிவாகின்றன. மண்ணில் புதைந்த இரும்புக் குழாயையும் ஆணியையும் தேடிக்கொண்டு நிற்கும் காலம் போய்விட்டது.

அகலத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். 2015இல் அரசு நிலச் சட்டம் திருத்தப்பட்டு, மேற்பரப்பின் சொந்தக்காரருக்கு நிலத்தடியில் எதுவரை உரிமை என்பது தெளிவாக்கப்பட்டது. தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால் சிங்கப்பூரின் உயர அடிமட்டத்துக்கு, அதாவது உயரங்களை அளக்கத் தொடக்கமாகக் கொள்ளும் மட்டத்துக்கு, கீழே 30 மீட்டர் வரை. நடைபாதைக்கு அவ்வளவு எதற்கு? பாதையின் அடியில் தண்ணீர்க் குழாய், மின்வடம், எரிவாயுக் குழாய் எல்லாம் போகின்றன. அவற்றைத் தோண்டும் உரிமை யாருக்கு, தோண்டியவர் பாதையை எந்தத் தரத்தில் மூட வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வராவிட்டால் புதிதாகப் போட்ட பாதையில் முதல் ஆண்டே பள்ளம் விழும்.

ரயில் பாதையின் கதை

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் ஓடும் ரயில் பசுமைப் பாதையைப் படிப்பதுதான் சரி. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 999 ஆண்டு உரிமையில் மலாயா ரயில்வேயிடம் போன நிலம் அது. 1990இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு கண்டன. அதற்கு இரு தரப்பும் வேறு வேறு பொருள் சொன்னதில் இருபது ஆண்டுகள் ஓடின. 2010இல் தீர்வு பிறந்தது. ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஒஃபிர்-ரோச்சோரிலும் நிலம். அங்கே எழுந்தவைதான் மரினா ஒன், டுவோ கட்டடங்கள். 2011 ஜூன் 30 இரவு ஜோகூர் சுல்தான் கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூர் அரசின் கையில்.

நிலம் ஒரே இரவில் வந்துவிட்டது. அது பாதையாவதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. முதல் சில வாரங்கள் நில ஆணையம் தண்டவாளத்தை மக்களுக்குத் திறந்துவிட்டது. பிறகு தண்டவாளமும் கட்டைகளும் அகற்றப்பட்டு மலேசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமானது. புக்கிட் தீமா நிலையத்துக்கும் பாதுகாப்பு கிடைத்தது. இரும்புப் பாலங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அதாவது எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற பட்டியல், பாதை என்ன வடிவில் வரும் என்று தெரிவதற்கு முன்பே போடப்பட்டது. நகர மறுசீரமைப்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டு, போட்டி நடத்தி, 2015இல் வடிவமைப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்தது. சொந்தக்காரரின் வேலை ஓர் ஆணையத்திடம், திட்டமிடுவது இன்னோர் ஆணையத்திடம், நடத்துவது பூங்காக் கழகத்திடம்.

இதில் நான் மிகவும் மதிப்பது ஒரு சின்ன முடிவை. பொதுப் பயனீட்டுக் கழகம் மர்னேன் தண்ணீர்க் குழாயை இந்த வழியாக நகரை நோக்கிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குழாய் வேலை முதலில் நடந்தது, அதன் மேலே நடைபாதையும் செடிகளும் பிறகு வந்தன. நடப்பவர்கள் சில காலம் வேலிகளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் முறையை மாற்றிச் செய்திருந்தால், நட்ட மரத்தை வேரோடு பிடுங்கிக் குழாய் பதிக்க வேண்டியிருந்திருக்கும். மத்தியப் பகுதி 2021இல் திறந்தது. புக்கிட் தீமா நிலையம் 2022 ஜூலையில் மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது.

ஐந்தாம் படி: ஒப்படைக்குமுன் நிலத்தின் நிலையை எழுதுங்கள்

இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கிராஞ்சியில் ரயில் பாதையை ஒட்டி, வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவுக்காக ஜேடிசி மேம்படுத்திவந்த நிலத்தில், உயிர்ப்பன்மை அடிப்படை ஆய்வு முடியும் முன்பே காட்டின் ஒரு பகுதி தவறாக அழிக்கப்பட்டது 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆய்வுக்கு ஆள் வைத்திருந்தார்கள். ஆனால் ஆய்வும் வெட்டும் வேலையும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

மரங்களில் தொடங்குங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டும் மரம், மரப் பாதுகாப்புப் பகுதியிலோ காலி நிலத்திலோ நின்றால், அனுமதியின்றி வெட்ட முடியாது. அளவுநாடாவோடு போய் எண்ணிட்டுப் பட்டியல் எடுங்கள். சாய்ந்திருக்கிறதா, அடியில் காளான் இருக்கிறதா என்றும் எழுதுங்கள். ஒப்படைப்புக்கு மறுவாரம் கிளை முறிந்து விழுந்தால் முதலில் தேடப்படுவது இந்தத் தாள்தான்.

அடுத்து நீர். மழை பெய்து கொண்டிருக்கும்போதே ஒருமுறை பாதையில் நடந்து பாருங்கள். வெயிலில் எடுத்த படம் எதையும் காட்டாது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க் கான்கிரீட் கால்வாயை இடித்து 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் திறந்த அந்தத் திட்டத்தில் பயனீட்டுக் கழகத்தின் நீரும் பூங்காக் கழகத்தின் புல்லும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காலையில் குழந்தைகள் ஓடிய சரிவு பெருமழையில் ஆற்றுப்படுகையாகிவிடுகிறது. அதற்கென எச்சரிக்கை விளக்குகளும் ஒலிப்பான்களும் வைத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எல்லையை ஒரு கோடாக வரைவதில் பயனில்லை. நீர்மட்டம் இந்த அளவைத் தாண்டினால் யார் பாதையை மூடுவது, வடிந்த பிறகு சேற்றை யார் கழுவுவது என்று எழுதுவதே எல்லை.

மூன்றாவது, நம் மக்களுக்கு நெருக்கமான விஷயம். ரயில் பாதையோரத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள், சாமி வைத்துக் கும்பிட்டார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கம் குவீன்ஸ்டவுனில் தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே தொழிலாளர்கள் அமைத்த வழிபாட்டிடம்தான். கைமாறப்போகும் நிலத்தில் ஒரு சூலமோ கல்லோ மரத்தடி மேடையோ இருந்தால், நிலையைப் பதிவுசெய்யும் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள். பழைய படங்கள், திருவிழா அழைப்பிதழ், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேருங்கள். உரிமம் இல்லாத கட்டுமானத்துக்கு அது சட்ட உரிமையைத் தந்துவிடாது. ஆனால் இடமாற்றம், கால அவகாசம், நினைவுப் பலகை ஆகியவற்றைப் பேச ஓர் ஆவணம் கையில் இருக்கும். எல்லை வரைந்து வேலி வந்த பிறகு போராடினால் கேட்பவர்களுக்கும் சங்கடம், சாமிக்கும் சங்கடம்.

ஆறாம் படி: பணமும் சேர்ந்து நடப்பதும்

பெறுகிற அமைப்புக்குப் பராமரிப்பு நிதி எந்த நிதியாண்டிலிருந்து என்பதை ஒப்படைப்புத் தேதியோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நவம்பரில் நிலத்தையும் ஏப்ரலில் நிதியையும் கொடுத்தால், இடைப்பட்ட ஐந்து மாதம் புல் யாருக்காகவும் காத்திராது.

பிறகு இரு அமைப்பினரும் பாதை முழுவதும் சேர்ந்து நடக்க வேண்டும். விளக்குக் கம்ப எண்கள், மின்மானியின் கணக்கு யார் பெயரில், கைப்பிடியின் துரு, பார்வையற்றோருக்கான புடைப்புக் கற்கள், வடிகால் மூடியில் சைக்கிள் சக்கரம் சிக்கும் இடைவெளி எல்லாம் படத்தோடு பட்டியலில் ஏற வேண்டும். கட்டி முடித்தபடி வரைந்த வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். முன்மொழிவு வரைபடத்தைக் கொடுத்து ஒப்பேற்றுவது வழக்கம், ஏற்காதீர்கள். புதுப் பாதையென்றால் ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், வழக்கமாக ஓராண்டு, யாரிடம் போகிறது என்பதையும் எழுதுங்கள். அந்த உரிமை பழைய அமைப்பிடமே தங்கிவிட்டால், புதியவர் உடைந்த தரைக்கல்லைச் சுட்டிக்காட்ட மட்டுமே முடியும், சரிசெய்யச் சொல்ல முடியாது.

ஏழாம் படி: மறுநாள் காலை மாறும் விதிகள்

நிர்வாகம் மாறினால் விதியும் மாறும். சாதாரண நடைபாதையில் சைக்கிள்களுக்கு வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டர். நேற்றுவரை நடைபாதையாக இருந்த இடத்தில் மூத்தோர் தைச்சி பழகுவதாக இருந்தால் இது சின்ன விஷயமில்லை. கடை போடுவது, நிகழ்ச்சி நடத்துவது, டிரோன் பறக்கவிடுவது, நாயைக் கயிற்றோடு கூட்டிவருவது என எல்லாவற்றுக்கும் இனி யாரிடம் கேட்பது, என்ன விதி என்று பார்க்க வேண்டும். தீபாவளி ஒன்றுகூடலுக்கு நகர மன்றத்திடம் வாங்கிய அனுமதி புதிய நிர்வாகத்தின் கீழ் செல்லுமா என்பதைக் குழுவினர் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பழைய பலகைகளை அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள். ஒரே பாதையில் இரண்டு தொலைபேசி எண்கள் தொங்கினால் இரண்டிலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஒப்படைத்த பின் சில மாதங்களுக்கு, பாதையின் இரு முனைகளிலிருந்தும் நடுவிலிருந்தும், நகராட்சிச் சேவைகள் அலுவலகத்தின் ஒன்சர்விஸ் செயலி வழியாக உண்மையான குறைகளை அனுப்பிப் பாருங்கள். இடக்குறி சரியாக இருந்தும் புகார் பழைய அமைப்புக்கே போனால் தரவுத்தளத்தில் எல்லை மாறவில்லை என்று பொருள். அந்தப் புகார் எண்ணையும் நில எண்ணையும் சேர்த்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பாவது இரு அமைப்புகளுக்கும் எழுதுங்கள். ஒப்பந்ததாரரைத் திரும்ப அழைக்க அதற்குப் பிறகு நேரம் போதாது.